மின்னலுக்குப் பிறகு லேப்டாப்பில் உயிர் இல்லை: 9,500 கொடுத்துப் பழுது பார்க்கலாமா, தலைமுழுகலாமா?

குமுளி_ஏலம்:
வணக்கம். குமுளியில் ஏலக்காய் வாங்கி விற்கும் சின்னக் கடை எங்களுடையது. கணக்கு, பில், ஜிஎஸ்டி எல்லாம் ஒரே லேப்டாப்பில்தான். 2021-ல் 46,000 ரூபாய்க்கு வாங்கினோம். 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11.

போன செவ்வாய் மத்தியானம் மூன்று மணி இருக்கும். இங்கே ஐப்பசி என்றால் காலையில் வெயில் பல்லைக் காட்டும், மூன்று மணிக்கு வானம் இடிந்து விழும். முதல் இடி கேட்டதும் சுவிட்சை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கவில்லை. பேட்டரியில் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளும் சொருகியபடியே இருந்தது. அடுத்த இடியில் மோடம் செத்தது, லேப்டாப்பும் பட்டென்று அணைந்தது. இப்போது பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு இல்லை, விசிறி இல்லை. சார்ஜரைச் சொருகினால் எரிகிற ஆரஞ்சு விளக்குகூட இல்லை.

இங்கே ஒரு கடைச் சேட்டன் ஐந்து நிமிடம் பார்த்தார். "போர்டு போயி" என்றார், அதாவது மதர்போர்டு போய்விட்டதாம். கழற்றிய பழைய போர்டு ஒன்றைப் போட 9,500, ஒரு மாத வாரண்டி. கம்பெனி சர்வீஸ் சென்டரில் போனில் கேட்டால் புதுப் போர்டு 21,000, அதன்மேல் வரி. மின்னல் பாதிப்பு வாரண்டியில் வராதாம், வாரண்டியும் எப்போதோ முடிந்துவிட்டது. நெட்டில் தேடியபோது இன்னொருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லி 1,500 முன்பணம் அனுப்பச் சொல்கிறார்.

கடைசியாகப் பென்டிரைவில் பேக்கப் எடுத்தது பங்குனியில். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைப் போட வேண்டும். "சிட்டையில் எழுதியிருந்தால் மின்னலா வந்து தின்றிருக்கும்?" என்று அப்பா மூன்று நாளாக ஒரே பாட்டு. காசு கொடுத்துப் பழுது பார்ப்பது உருப்படியான காரியமா, இல்லை புதிது வாங்கிவிடலாமா?

வெட்டிப்பேச்சு_வேலு:
நாலு வருஷ லேப்டாப்புக்கு 9,500 தண்டம். புதிது வாங்குங்கள், நிம்மதி.

குமுளி_ஏலம்:
புதிது வாங்கினால் பழைய கணக்கு அதில் தானாக வந்துவிடுமா அண்ணே?

போடி_பழைய_மெக்கானிக்:
தம்பி, கட்டப்பனையில் பதினெட்டு வருஷம் கடை வைத்திருந்தவன் நான், இப்போது போடியில் சும்மா இருக்கிறேன். முதலில் அந்த முன்பணக்காரரை மறந்துவிடு. பொருளைக் கண்ணால் பார்க்காமல் காசு கேட்பவரிடம் வேலையே கிடையாது. ஏற்கனவே அனுப்பியிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே போன் செய்.

அப்புறம், நீ இரண்டு கேள்வியை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறாய். பெட்டி பிழைக்குமா என்பது ஒன்று. உள்ளே இருக்கும் கணக்கு பிழைத்திருக்கிறதா என்பது வேறு. போர்டு செத்தாலும் கணக்கெல்லாம் பதிந்திருக்கும் எஸ்எஸ்டி பெரும்பாலும் தப்பித்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ள எந்தக் கடைக்கும் 9,500 தர வேண்டாம்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு இவை தெரிய வேண்டும்:

சார்ஜரில் சின்ன விளக்கு இருக்கிறதா? லேப்டாப்பில் சொருகியதும் அது அணைகிறதா, எரிந்தபடி இருக்கிறதா?

பக்கத்து எலக்ட்ரீசியனிடம் மல்டிமீட்டர் இருக்கும். சார்ஜர் முனையில் எத்தனை வோல்ட்?

சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடி. பிறகு சார்ஜரை மட்டும் போட்டுப் பார். பேட்டரி உள்ளே இருந்தால் அதைக் கழற்றத் தெரிந்தவரை வைத்துச் செய், நீயே நெம்பாதே.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:
வேலு சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்கள் பள்ளியில் மூன்று லேப்டாப் இப்படி "போர்டு போயி" ஆனது. பாலக்காட்டில் ஒருவர் இரண்டைத் தலா இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஓட வைத்தார். மூன்றாவதைத் தொட்டுவிட்டு "இது வேண்டாம் டீச்சர், காசு வீண்" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த மூன்றாவதற்குப் பிறகுதான் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

குமுளி_ஏலம்:
அண்ணே, சார்ஜர் விளக்கு அணையவில்லை, எரிந்தபடியே இருக்கிறது. மீட்டரில் 19.4 வோல்ட். 30 விநாடி வைத்தியமும் பேட்டரியைக் கழற்றியும் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. அக்கா மகனின் சார்ஜரும் அதே பின்தான், அதிலும் இதே கதை.

போடி_பழைய_மெக்கானிக்:
நல்லது. சார்ஜர் விளக்கு அணைந்திருந்தால் 19 வோல்ட் நுழைகிற முதல் வழியிலேயே ஷார்ட் என்று சந்தேகப்படுவேன். அணையவில்லை. அதற்கு அடுத்து, பட்டனை அழுத்துவதற்கு முன்பே போர்டில் எப்போதும் நிற்க வேண்டிய 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று இரண்டு உண்டு. அவற்றில் ஒன்று படுத்தாலும் உன் லேப்டாப் காட்டும் அறிகுறிதான் வரும்.

இப்போது உன் கதையைத் திரும்பப் படி. மோடமும் லேப்டாப்பும் ஒரே நேரத்தில் செத்தன. நடுவில் லேன் கேபிள். மின்னல் பவர் லைனில்தான் வரும் என்று எல்லோரும் சார்ஜரையே பார்ப்பார்கள். நான் பார்த்த மழைக்காலக் கேஸ்களில் பாதிக்குமேல் லேன் வழியாக வந்தவை. போர்டில் லேனுக்கென்று தனியாக ஒரு சின்ன ஐசி, அதாவது சிப், இருக்கும். அது வெந்து உள்ளே ஷார்ட் ஆனால் 3.3 வோல்ட்டை மொத்தமாகத் தரைக்கு இழுத்துவிடும். ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் தெருவுக்கே தண்ணீர் வராத மாதிரி. அந்த ஐசியை ஹாட் ஏரில், அதாவது சூடான காற்று ஊதும் கருவியில், எடுத்துவிட்டால் போர்டு எழுந்துவிடும். லேன் போகும், வைஃபை இருக்கும்.

உறுதியாக இதுதான் என்று போடியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து நிமிடத்தில் "போர்டு மாற்றணும்" என்பவர் இதைத் தேடியே இருக்க மாட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. போர்டு மாற்றுவது அரை மணி வேலை. ஷார்ட் தேடுவது ஒரு நாளைத் தின்னும், கிடைக்காமலும் போகும். கம்பெனி சென்டரிலும் பெரும்பாலும் சிப் எடுத்து வைக்கிற வேலை கிடையாது, முழுப் போர்டுதான்.

சரி, முதலில் கணக்கு. பின்பக்க மூடியைக் கழற்றினால் சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு எஸ்எஸ்டி தெரியும். பேட்டரி கனெக்டரைக் கழற்றிய பிறகே அதைத் தொட வேண்டும். முனையில் ஒரு வெட்டு இருந்தால் பொதுவாக என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா. இவை எஸ்எஸ்டியின் இரண்டு வகை. எஸ்எஸ்டியை உள்ளே வைத்து வேறு லேப்டாப்பில் சொருக, அதற்கேற்ற யுஎஸ்பி டப்பா வாங்கு. ஆயிரம், ஆயிரத்து இருநூறு ஆகும். அந்த டப்பா வீண் போகாது, பின்னால் பேக்கப்புக்கு ஆகும்.

செங்கோட்டை_98:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் டெஸ்க்டாப் ஆன் ஆகவே பத்து நிமிடம். "ஃபுல் சர்வீஸ்" என்று 2,000 கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

போடி_பழைய_மெக்கானிக்:
உள்ளே பழைய ஹார்ட்டிஸ்க் என்றால் அந்த 2,000-ஐ எஸ்எஸ்டியில் போடுங்கள். "ஃபுல் சர்வீஸ்" என்றால் தூசி ஊதி, விண்டோஸைத் திரும்பப் போட்டு, ஆன்டிவைரஸ் ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். ஆனால் ஹார்ட்டிஸ்கில் டிக், டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அப்போது ஒவ்வொரு தடவை ஆன் செய்வதும் உள்ளே இருப்பதைச் சுரண்டிப் போடுவது போல. அதில் உள்ளது முக்கியமென்றால் அது தரவு மீட்பவர்களின் வேலை. உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

குமுளி_ஏலம்:
அண்ணே, அவசரம்! டப்பா வாங்கி அக்கா மகன் லேப்டாப்பில் போட்டேன். டிரைவ் தெரிகிறது, பூட்டுப் படத்தோடு. திறந்தால் பிட்லாக்கர் என்று சொல்லி 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவே இல்லை. கை நடுங்குகிறது.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:
பயப்படாதீர்கள் தம்பி. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு ஆரம்பித்த விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடும். சாவியும் அந்த அக்கவுண்ட்டிலேயே இருக்கும். போனில் பிரவுசரைத் திறந்து, லேப்டாப் வாங்கிய அன்று கொடுத்த அதே ஈமெயிலில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுக்குள் போங்கள். சாதனங்கள் பக்கத்தில் உங்கள் லேப்டாப் பெயருக்குக் கீழே பிட்லாக்கர் சாவி என்று இருக்கும். திரையில் கேட்கும் சாவி ஐடியின் முதல் எட்டு எழுத்தும் அங்கே இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

போடி_பழைய_மெக்கானிக்:
டீச்சர் சொன்னதுதான். இதையும் கவனி: அந்தச் சேட்டன் வேறு போர்டு போட்டிருந்தாலும் இதே சாவியைத்தான் கேட்டிருக்கும். சாவி கிடைக்கவில்லையென்றால் "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றிருப்பார். உன் கணக்கு அதோடு சரி.

குமுளி_ஏலம்:
கிடைத்துவிட்டது!! எந்த ஈமெயில் என்பது மறந்தே போயிருந்தது. லேப்டாப் வாங்கிய கடையில் பையன் என் பெயரில் புதிதாக ஒன்று உண்டாக்கியிருக்கிறான், பாஸ்வேர்டு பில்லின் பின்புறம் பென்சிலில். அப்பா அந்தப் பில்லை எல்ஐசி பாண்டோடு வைத்திருந்தார். இனி ஒரு வாரத்துக்குச் சிட்டைப் பேச்சை நான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு எழுதும் டேலி மென்பொருளின் டேட்டா ஃபோல்டரை அப்படியே எடுத்துவிட்டேன். அக்கா மகன் லேப்டாப்பில் திறக்கிறது. ஐப்பசி 12 வரை எல்லா பில்லும் இருக்கிறது.

வெட்டிப்பேச்சு_வேலு:
கணக்கு கிடைத்தாயிற்று. இப்போதாவது புதிது வாங்கலாம் அல்லவா?

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:
வேலு, உங்களுக்கு லேப்டாப் கடை ஏதும் இருக்கிறதா?

செங்கோட்டை_98:
கடைக்குக் கொடுப்பதானால் ஒரு வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு முன் நான் எங்கள் ஊர்க் கடை ஒன்றில் லேப்டாப் கொடுத்தேன், ஸ்கிரீன் மாற்ற. திரும்பி வந்தபோது 8 ஜிபி ரேம் 4 ஜிபியாக இருந்தது. கேட்டால் "நீங்கள் கொடுத்ததே அப்படித்தான்". என்னிடம் சீட்டும் இல்லை, போட்டோவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

போடி_பழைய_மெக்கானிக்:
அதனால்தான் எஸ்எஸ்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லப் போகிறேன். ஷார்ட் தேட அது தேவையில்லை. ரேமின் லேபிள், லேப்டாப்பின் சீரியல் நம்பர் இரண்டையும் போட்டோ எடு. ரசீதில் என்ன கோளாறு, என்னென்ன உள்ளே இருக்கிறது என்று எழுதி வாங்கு. ஏமாற்றினால் 1915 என்று நுகர்வோர் உதவி எண் உண்டு. 5 லட்சம் வரைக்குமான விஷயத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. ஆனால் ரசீது இல்லாமல் அங்கே போய் என்ன சொல்வது?

கடை தேடும்போது "லேப்டாப் சர்வீஸ்" என்று கேட்காதே. "சிப் லெவல் செய்வீர்களா, போர்டை வெளியே அனுப்புவீர்களா" என்று கேள். சிப் லெவல் என்றால் போர்டில் கெட்ட சிப்பை மட்டும் கண்டுபிடித்துச் சரிசெய்வது. பெரும்பாலான கடை வாங்கி வேறு எங்கோ அனுப்பும், நடுவில் கமிஷன். மேசையில் மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர், வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் பவர் சப்ளை மூன்றும் இருந்தால் உட்கார். "பார்க்க எவ்வளவு, சரியானால் எவ்வளவு, ஆகாவிட்டால் எவ்வளவு" என்று மூன்று விலையும் முதலிலேயே கேள். பார்ப்பதற்கு முந்நூறு, நானூறு வாங்குபவரைப் பார்த்து முகம் சுளிக்காதே. இலவசமாகப் பார்ப்பவர் அந்தக் காசை வேறு எங்காவது எடுத்தாக வேண்டும்.

"போர்டைச் சூடு காட்டினால் சரியாகும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. இரண்டு வாரம் ஓடும், மூன்றாவது வாரம் படுக்கும்.

உன் விஷயத்தில் என் கணக்கு: நாலாயிரத்துக்குள் முடிந்தால் செய். அதற்கு மேல் என்றால் டப்பாவும் எஸ்எஸ்டியும் கையில் இருக்கிறது, வேலு பேச்சைக் கேள்.

குமுளி_ஏலம்:
எட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஏலக்காய் வரத்து நேரம்.

கட்டப்பனையில் இரண்டு கடை. இரண்டிலும் போர்டை வெளியே அனுப்புவார்களாம். மலையிறங்கித் தேனி போனேன். அண்ணன் சொன்ன மூன்றும் மேசையில் இருந்தன. பார்க்க 300, சரியானால் 1,800, ஆகாவிட்டால் அந்த 300 மட்டும். லேன் கதையைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, போர்டைக் கழற்றி, ஏதோ ஸ்பிரிட்டை மேலே தடவி, பவர் சப்ளையிலிருந்து கொஞ்சமாகக் கரண்ட் விட்டார். எல்லா இடமும் ஈரமாக இருக்க, லேன் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஓரிடம் மட்டும் விறுவிறுவென்று உலர்ந்தது. "இங்கதான் சுடுது" என்றார். அதை எடுத்ததும் ஆரஞ்சு விளக்கு வந்துவிட்டது. மொத்தம் 2,100, பஸ் செலவு தனி. ஜிஎஸ்டிஆர்-1 10-ஆம் தேதி ராத்திரி அக்கா மகன் லேப்டாப்பிலேயே போட்டுவிட்டேன்.

போடி_பழைய_மெக்கானிக்:
லேன் தேவைப்பட்டால் யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று போட்டுக்கொள். ஆனால் இடி வந்தால் அதையும் கழற்று. சுவிட்சை அணைப்பது போதாது. கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இந்தப் பருவத்தில் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது சும்மா இல்லை.

குமுளி_ஏலம்:
இப்போது மத்தியானம் ஒன்றரைக்கே அப்பா எல்லா ஒயரையும் பிடுங்கி ஆணியில் மாட்டிவிடுகிறார், வானத்தில் ஒரு மேகம் இல்லாவிட்டாலும். புது மோடம் கொடுக்க வேண்டியவர்தான் இன்னும் வரவில்லை.

எடுத்த ஐசியைச் சின்னக் கவரில் போட்டுத் தந்தார். அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏலரிசி அளவுகூட இல்லையே" என்றார்.