'அந்த ஏரியா சரியில்ல': எதை வைத்துச் சொல்கிறோம்?

நடைபாதை:
வீடு தேடுபவர்களுக்கான கையேட்டில் "மோசமான ஏரியாவை அடையாளம் காண்பது எப்படி" என்று ஒரு பகுதி சேர்க்கப் போகிறோம். இப்போதைய வரைவு ஐந்து அடையாளங்களைச் சொல்கிறது: சுவர்க் கிறுக்கல், எரியாத தெருவிளக்கு, முக்கில் கூடி நிற்கும் இளவட்டங்கள், கம்பி ஷட்டர் போட்ட கடைகள், பாழடைந்த கட்டடங்கள். மூன்று இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று முடிகிறது. இப்படியே போடலாமா?

கணக்குப்பிள்ளை:
போடக் கூடாது. "ஏரியா" என்ற அலகிலேயே கோளாறு இருக்கிறது.

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஓராண்டில் போலீஸுக்கு வந்த சுமார் 3,24,000 அழைப்புகளைக் குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மன் குழு முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்தது. ஆய்வு 1989-ல் வெளியானது. அழைப்புகளில் பாதி, 3 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட முகவரிகளிலிருந்து வந்தவை. பிறகு சியாட்டிலில் டேவிட் வைஸ்பர்ட் குழு 1989 முதல் 2002 வரையான பதிவுகளைத் தெருத்துண்டு வாரியாக எண்ணியது. ஒரு முக்கிலிருந்து அடுத்த முக்கு வரை, இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு துண்டு. ஏறக்குறைய 30,000 துண்டுகளில் 4 முதல் 5 சதவீதத்தில் பாதிக் குற்றம். வருஷம் மாறினாலும் பெரும்பாலும் அதே துண்டுகள்தான்.

கெட்ட பேர் எடுத்த பேட்டைக்குள்ளும் தெருக்களில் பெரும்பாலானவை சும்மாதான் கிடக்கின்றன. "நல்ல" பேட்டைக்கு நடுவில் ஒரு மதுக்கடை வாசல் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கலாம். ஏரியாவைக் கேட்காதீர்கள், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, என்ன குற்றம் என்று கேளுங்கள்.

மூணாம்சந்து:
கணக்கு சார், இந்தத் துண்டு வாரியான பதிவு எத்தனை ஊர்ல ஜனங்க கைக்குக் கிடைக்குது? அட்வான்ஸ் கொடுக்க மூணு நாள் கெடு வச்சிருக்கறவங்க கிட்ட போய் 14 வருஷப் பதிவைப் புரட்டுன்னு சொல்றதா? அவங்களுக்கு இருக்கறது ரெண்டு கண்ணும் ரெண்டு காலும்தான்.

அந்தக் கண்ணை அவ்வளவு லேசா எடை போடாதீங்க. நெதர்லாந்துல க்ரோனிங்கன் ஊர்ல ஒரு சோதனை பண்ணினாங்க, 2008-ல வந்துது. சைக்கிள் நிறுத்தற சந்து. ஒவ்வொரு ஹேண்டில்பார்லயும் ஒரு விளம்பரத் தாளைச் சுத்தி வச்சிட்டாங்க, பக்கத்துல குப்பைத்தொட்டி கிடையாது. சுவர் சுத்தமா இருந்தப்ப 33 சதவீதம் பேர் தாளைக் கீழே வீசினாங்க. அதே சுவர்ல கிறுக்கி வச்சதும் 69 சதவீதம். இன்னொரு தடவை தபால் பெட்டியில 5 யூரோ நோட்டு தெரியற மாதிரி ஒரு கவரைத் தொங்க விட்டாங்க. சுத்தமா இருந்தப்ப 13 சதவீதம் பேர் எடுத்துக்கிட்டுப் போனாங்க, பெட்டியில கிறுக்கல் இருந்தப்ப 27. கிறுக்கல் ஆளோட நடத்தையையே மாத்துது.

கணக்குப்பிள்ளை:
//ஆளோட நடத்தையையே மாத்துது//

குப்பை போடுவதை மாற்றியது, 5 யூரோவை உருவுவதை மாற்றியது. அதிலிருந்து கத்திக்குத்துக்குத் தாவ முடியாது. சின்னச் சீர்கேட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பெரிய குற்றம் வரும் என்று 1982-ல் வில்சனும் கெல்லிங்கும் முன்வைத்த "உடைந்த ஜன்னல்" வாதமும் ஒரு பத்திரிகைக் கட்டுரைதான். அதில் வாதம் உண்டு, அதை நிரூபிக்கும் அளவீடு கிடையாது.

அளந்து பார்த்தவர்கள் சிகாகோவில் இருந்தார்கள். 1995-ல் ஒரு வண்டி மணிக்கு 3 முதல் 5 மைல் வேகத்தில் ஊர்ந்து போனது. இரண்டு பக்க ஜன்னலிலும் வீடியோ கேமரா, உள்ளே குறிப்பெடுக்கும் ஆட்கள். தெருவின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித் துண்டாக எண்ணி, 23,000 துண்டுகளுக்கு மேல் படம் பிடித்தார்கள். பாட்டில், கிறுக்கல், கைவிட்ட கார், ஊசி எல்லாவற்றையும் பிறகு உட்கார்ந்து எண்ணினார்கள். அதே வட்டாரத்து மக்களிடம் "இங்கே சீர்கேடு எவ்வளவு?" என்று தனியாகவும் கேட்டார்கள். ஆய்வாளர்கள் சாம்சனும் ராடன்புஷும் 2004-ல் இரண்டையும் பொருத்திப் பார்த்தபோது, கேமரா எண்ணிய குப்பை ஒரே அளவாக இருந்தாலும், கறுப்பினத்தவரும் ஏழைகளும் அதிகமுள்ள இடத்தை மக்கள் அதிகச் சீர்கேடாகச் சொன்னது தெரிந்தது. வெள்ளையர் மட்டுமல்ல, கறுப்பினத்தவரும் அப்படித்தான் சொன்னார்கள்.

உங்கள் பட்டியலில் "கூடி நிற்கும் இளவட்டங்கள்" இருக்கிறதே, அது இந்த வகைதான். அவர்கள் போட்டிருக்கும் சட்டையைப் பொறுத்து அது "நண்பர்கள் அரட்டை" ஆகிவிடும்.

தெருவிளக்கு:
உங்கள் சண்டைக்கு நடுவே எரியாத விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அப்படியே அபாய அடையாளமாகப் போடாதீர்கள்.

ஒரு தெரு முழுக்க இருட்டாக இருந்தால் ஃபீடரோ (தெருவுக்கு மின்சாரம் கொண்டுவரும் லைன்) கட்டுப்பாட்டுப் பெட்டியோ போயிருக்கும். மூன்று கம்பத்துக்கு ஒன்று என்று சீராக அணைந்திருந்தால் பெரும்பாலும் ஒரு ஃபேஸ் போயிருக்கும். கம்பங்களை மூன்று ஃபேஸிலும் மாற்றி மாற்றி இணைப்பது பல இடங்களில் உள்ள முறை. இதெல்லாம் லைன்மேன் வேலை, ரவுடிக்குச் சம்பந்தமே இல்லை. பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. கம்பத்தின் அடியிலிருக்கும் சின்னக் கதவு திறந்து, உள்ளே ஒயர் அறுந்து கிடந்தால் அது கேபிள் திருட்டு (கை வைக்காதீர்கள், மின்சாரம் இருக்கலாம்). அக்கம்பக்கத்து விளக்கெல்லாம் எரிய, ஒரு முட்டுச்சந்தின் விளக்கு மட்டும் கல்லடி பட்டு உடைந்திருந்தால் அந்த இடம் இருட்டாக இருப்பது யாருக்கோ தேவைப்படுகிறது.

இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். எரிந்தால், புகார் கொடுக்க அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் இருட்டைவிட அதுதான் பெரிய தகவல்.

வெளிச்சத்துக்குப் பலன் உண்டு என்பதும் நிஜம். நியூயார்க்கின் பொதுக் குடியிருப்பு வளாகங்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து விளக்குக் கோபுரம் வைத்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் பெரிய குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன.

வரைபடப்பித்தன்:
கணக்குப்பிள்ளை பதிவை வேதவாக்காக வைக்கிறார், சந்து கண்ணை வைக்கிறார். பதிவு எப்படிக் கெட்டுப் போகிறது என்று யாரும் சொல்லவில்லையே.

ஒன்று, முகவரி. மென்பொருளுக்குப் புரியாத முகவரி வந்தால் அது முன்கூட்டியே குறித்து வைத்த ஏதாவது ஓர் இடத்தில் புள்ளி வைத்துவிடும். 2009-ல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் இணைய வரைபடத்தில் நகர மன்றத்துக்கு அருகிலேயே ஒரு பெரிய குற்றக் குவியல் தெரிந்தது. அங்கே எந்தக் கூட்டமும் கொள்ளையடிக்கவில்லை, இடம் தெரியாத குற்றங்களெல்லாம் அங்கே போய் விழுந்திருந்தன. வரைபடத்தில் காவல் நிலையமோ ஊர் நடுப்புள்ளியோ சிவப்பாகத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டு, வகுக்கும் எண். ரயில் நிலையத்தை ஒட்டி 400 பேர் குடியிருக்கிறார்கள், தினம் 40,000 பேர் கடந்து போகிறார்கள், ஆண்டுக்கு 80 பிக்பாக்கெட் என்று வையுங்கள். குடியிருப்போரால் வகுத்தால் ஆயிரத்துக்கு 200. கடந்து போவோரால் வகுத்தால் ஆயிரத்துக்கு 2. முதல் எண் தலைப்புச் செய்தியாகும்.

மூன்று, வெப்ப வரைபடத்தின் (குற்றம் கூடிய இடத்தைச் சிவப்பாகக் காட்டும் படம்) ஆரம், அதாவது ஒரு குற்றத்தின் நிறம் எவ்வளவு தூரம் வரை பரவும் என்பது. 1 கிலோமீட்டர் வைத்தால் ஒரே ஒரு பாரின் சண்டைகள் சுற்றியுள்ள எட்டுத் தெருவையும் சிவப்பாக்கும். 150 மீட்டர் வைத்தால் அந்த பார் மட்டும் தெரியும். வரைபடம் தருபவர்கள் ஆரத்தைச் சொல்வதில்லை, பார்ப்பவர்களும் கேட்பதில்லை.

நான்கு, வகைப்பாடு. "வன்முறைக் குற்றம்" என்ற ஒரே கட்டத்தில் வழிப்பறியும் இருக்கும், வீட்டுக்குள் கணவன் மனைவியை அடிப்பதும் இருக்கும். இரண்டாவது பெருங்கொடுமைதான், ஆனால் தெருவில் நடந்து போகிறவருக்கு அது எதையும் சொல்லாது. பிரித்துப் பார்க்க முடியாத எண்ணை நம்பி வீடு மாற்றாதீர்கள்.

மூணாம்சந்து:
பாத்தீங்களா, பதிவுலயே இத்தனை ஓட்டை. அப்ப கண்ணை மட்டும் ஏன் குறை சொல்லணும்? பாக்கற முறையைத் திருத்தினாப் போதும்.

ஒரு தடவை போனாப் பத்தாது, நாலு தடவை போகணும். வேலை நாள் காலை பத்து மணி, பள்ளி விடற நேரம், ராத்திரி ஒன்பது, வாரக்கடைசி ராத்திரி பதினொண்ணு. காரை நிறுத்தற ஓரத்துல குனிஞ்சு பாருங்க. கார் ஜன்னல் கண்ணாடி நீளமா உடையாது, கல்கண்டு மாதிரி பொடிசா கொட்டும். ஒரே இடத்துல புழுதி படிஞ்ச பழைய துகளும் பளபளன்னு புதுத் துகளும் சேர்ந்து கிடந்தா அங்கே திரும்பத் திரும்ப உடைக்கிறாங்கன்னு புரிஞ்சுக்கலாம். இதுல எந்த இனமும் சாதியும் கிடையாது சார், கண்ணாடி கண்ணாடிதான்.

அப்புறம் பெஞ்சு. வயசானவங்க உக்காந்திருக்காங்களா, சும்மா கிடக்கா? டெலிவரி பண்றவங்க கிட்ட எந்தத் தெருவுக்கு ராத்திரி போக மாட்டீங்கன்னு கேளுங்க. ஆனா ஏன்னும் கேக்கணும். பாதிப் பேர் நாயைச் சொல்வாங்க, இல்லேன்னா லிஃப்ட் இல்லாத அஞ்சு மாடியைச் சொல்வாங்க.

பின்னிரவு:
நாலு பேரும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். யாருக்கு மோசம்?

வழிப்பறி, அடிதடி இரண்டிலும் அதிகம் சிக்குவது இளம் ஆண்கள். கருத்துக்கணிப்பில் அதிகம் பயப்படுவதாகச் சொல்வது பெண்களும் முதியவர்களும். இதைக் காட்டி "பயம் ஆதாரமற்றது" என்று பேசுவது ஒரு பழைய வழக்கம். பயப்படுகிறவர் அந்தத் தெருவுக்கே போவதில்லை, அதனால் அவர் எண்ணிக்கையில் வருவதில்லை. பின்னாலேயே வருவது, வண்டியை மெதுவாக்கி ஏதாவது சொல்வது, வழியை மறித்து நிற்பது: இவற்றில் மிகச் சிலதான் பதிவாகின்றன. கணக்குப்பிள்ளையின் "சும்மா கிடக்கும்" தெருக்களில் இவையெல்லாம் நடக்கலாம்.

கேள்வியிலும் கோளாறு இருக்கிறது. "இருட்டிய பிறகு தனியாக நடந்தால் எவ்வளவு பாதுகாப்பாக உணர்வீர்கள்?" என்று கேட்டால், நடக்காதவரும் கற்பனையில் பதில் சொல்வார். "கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை பயந்தீர்கள், எங்கே?" என்று கேட்டால் எண்ணிக்கை சடாரென்று இறங்கும், இடமும் துல்லியமாக வரும். நம் கையேட்டில் இரண்டாவது கேள்வி இருக்கட்டும். அதையும் குடியிருக்கும் பெண்களிடமே கேளுங்கள், வீட்டுக்காரரிடமோ புரோக்கரிடமோ வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
பின்னிரவு சொன்னதை ஏற்கிறேன், பதிவாகாததை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் பட்டியல் போட்டு ஏரியாவுக்குப் பேர் சூட்டுவதை இன்னும் எதிர்க்கிறேன்.

டென்மார்க் அரசு 2010 முதல் "கெட்டோ பட்டியல்" வெளியிட்டது. 2018-ல் சட்டமாக்கிய அளவுகோலைப் பாருங்கள்: 1,000 பேராவது வாழும் பொதுக் குடியிருப்பு, வேலையின்மை, தண்டனை பெற்றோர் விகிதம், கல்வி, வருமானம் என்ற நான்கில் இரண்டில் எல்லை தாண்டியிருக்க வேண்டும், இவற்றோடு, குடியிருப்போரில் பாதிக்கு மேல் "மேற்கத்தியர் அல்லாத" பூர்வீகமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை இல்லாமல் மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் அதற்குப் பேர் வேறு, விளைவும் வேறு. பட்டியலில் பல ஆண்டு தொடர்ந்தால் பொதுக் குடும்ப வீடுகளின் பங்கை 2030-க்குள் 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும்; இடித்தோ விற்றோ. 2021-ல் பேரை "இணைச் சமூகம்" என்று மாற்றினார்கள், அளவுகோல் தங்கிவிட்டது.

1930-களில் அமெரிக்காவில் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று 200-க்கு மேற்பட்ட நகரங்களை நான்கு நிறத்தில் பிரித்ததும் இதே கதைதான். சிவப்பு என்றால் "அபாயம்". கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு.

மூணாம்சந்து:
பேர் வைக்கறதே பாவம்னா உதவி எங்கே போகணும்னு எப்படித் தெரியும்? லண்டன்ல சார்லஸ் பூத்னு ஒரு சமூக ஆய்வாளர் 1889-ல வரைபடத்துல தெருத் தெருவா, வசதிக்கும் வறுமைக்கும் ஏத்தபடி ஏழு நிறம் தீட்டினார். நீங்க கேக்கற அதே தெரு அலகு. அந்த வேலையில இருந்துதான் கிழக்கு லண்டன்ல மூணுல ஒரு பங்குக்கு மேல வறுமைன்னு எண் வந்துது. முதியோர் ஓய்வூதியத்துக்கு அவர் வாதாடினதும் அதை வச்சுத்தான், 1908-ல சட்டமும் வந்துது.

கணக்குப்பிள்ளை:
அதே வரைபடத்தில் கறுப்பு நிறத்துக்கு அவர் எழுதிய விளக்கம் "மிகக் கீழ்நிலை வர்க்கம், தீய, அரைக் குற்றவாளிகள்". வருமானத்தை அளக்கப் போனவர் குணத்துக்கும் மார்க் போட்டார். நான் சொல்லும் ஆபத்து அதுதான்.

தெருவிளக்கு:
பேர் வைக்காமலும் வேலை செய்யலாம். ஃபிலடெல்ஃபியாவில் 541 காலி மனைகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அள்ளி, மண்ணைச் சமன் செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டு, ஆள் உள்ளே போக வழி விட்டார்கள். பிறகு மாதாமாதம் பராமரிப்பு. 2018-ல் வந்த முடிவில், வறுமைக்கோட்டுக்குக் கீழான வட்டாரங்களில் துப்பாக்கி வன்முறை சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தது. சந்துக்கு ஒரு குறிப்பு: பாழ்மனை அடையாளமாக நிற்பது மட்டுமில்லை, துப்பாக்கியைப் புதருக்குள் ஒளித்து வைக்க இடமும் தருகிறது. கிறுக்கலுக்கு அந்த வசதி இல்லை.

நடைபாதை:
சரி, வரைவை மாற்றுகிறேன். தலைப்பு "தெருவைப் பார்ப்பது எப்படி". நான்கு நேரம் போவது, கண்ணாடித் துகள், கம்பத்துக் கதவு, இரண்டு வாரம் கழித்து மறுபடி, 12 மாதக் கேள்வி, பதிவு கிடைத்தால் வகை பிரித்துப் பார்ப்பது. கிறுக்கலும் இளவட்டங்களும் போகின்றன. பாழ்மனை இருக்கும். கம்பி ஷட்டரை வைக்கலாமா?

மூணாம்சந்து:
வைங்க. கடைக்காரன் காசு செலவழிச்சுப் போட்டிருக்கான், சும்மா போடுவானா?

வரைபடப்பித்தன்:
இன்ஷூரன்ஸ் நிபந்தனையாலும் போடுவான். நகைக்கடையும் மருந்துக்கடையும் எந்தப் பேட்டையில் இருந்தாலும் போடும். கடையை விடுங்கள், வீட்டு ஜன்னலைப் பாருங்கள். தரைத்தளத்தில் மட்டும் கம்பி இருந்தால் அது எங்கும் உள்ளதுதான். மூன்றாவது மாடியிலும், அதுவும் புதிதாக வெல்டிங் செய்த கம்பி நாலைந்து வீட்டில் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

பின்னிரவு:
மூன்றாவது மாடிக் கம்பி குழந்தை விழாமல் இருக்கவும் போடுவது. கீழே போய் அந்த வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.