கடலோர மணலில் கொழிஞ்சி: நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்பு ஓரத்து மணலில், மழை ஓய்ந்த தை மாதத்தில் கொழிஞ்சிச் செடி முழங்கால் உயரத்துக்கு ஊதாப் பூவோடு நின்றது. கூட வந்தவர்கள் நீலச்சாயம் தரும் அவுரி என்றே பறிக்கப் போனார்கள். தலைச்சாயத்துக்கு வேண்டிய நீலம் கொழிஞ்சியில் கிடையாது என்பதால் அங்கேயே உட்கார்ந்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினேன்.

சிற்றிலையின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால் போதும். நரம்புகள் சாய்வாக, நெருக்கமாக ஓடுவதால் நேராகக் கிழியாமல் மீன்வால் மாதிரி பிளந்து வரும். அடுத்து பூங்கொத்து. கொழிஞ்சியில் அது இலைக்கு எதிர்ப்பக்கம் தண்டிலிருந்து கிளம்பும். அவுரியில் இலைக் கக்கத்திலிருந்து வரும். காயைப் பார்த்தால் சந்தேகமே வராது. கொழிஞ்சிக் காய் தட்டை, நுனி லேசாக மேல்நோக்கி வளையும். அவுரிக் காய் உருண்டு மெலிந்தது. காய்ந்தபின் அவுரி இலை கருநீலமாகிவிடும், கொழிஞ்சிக்கு அது இல்லை.

—

அக்கா, எங்கள் திசையன்விளைப் பக்கத் தேரியிலும் (செம்மணல் மேடு) இது நிறைய. செம்மண்ணில் வேறு பச்சையே இல்லாத கோடையில்கூட நிற்கும், ஆடு மாடு வாய் வைக்காது. அப்பா நெல் அறுத்த வயலில் தழையுரத்துக்கு விதைப்பார். விதைத்தோல் ரொம்பக் கெட்டி. மணலோடு போட்டுத் தேய்த்துத்தான் விதைக்க வேண்டும். ஒருமுறை உதிர்ந்துவிட்டால் அடுத்தடுத்த வருஷம் தானாக முளைக்கும். வேரோடு பிடுங்கி வேரிலுள்ள சின்ன முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை)ப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். களைக்கொல்லி அடித்து இந்தச் செடியை ஒழிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

—

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வறண்ட மணல்வெளிகளில் கொழிஞ்சியின் நெருங்கிய உறவான டெப்ரோசியா வில்லோசாவும் வரும். இலை கிழிவது அதிலும் அப்படியேதான், அதனால் அந்தச் சோதனை மட்டும் போதாது. அதன் காய் முழுக்க அடர்ந்த ரோமம், நன்றாக வளைந்திருக்கும். இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பட்டாக மினுங்கும். போட்டோ எடுக்கிறவர்கள் பூவோடு நிறுத்தாமல் காயையும் இலையின் அடிப்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.