வெளி எஸ்எஸ்டி மெதுவாக இயங்குவது ஏன்?

கேள்வி:
வினாடிக்கு 20 ஜிகாபிட் என்று பெட்டியில் அச்சிடப்பட்ட வெளி எஸ்எஸ்டி (கேபிளில் இணைக்கும் வேகமான சேமிப்பகம்) ஒன்றை, தண்டர்போல்ட் 4 எனும் அதிவேக டைப்-சி போர்ட் உள்ள என் மடிக்கணினியில் இணைத்தால், காணொளிக் கோப்புகள் வினாடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாமல் நகர்கின்றன. கோளாறு எங்கே இருக்கக்கூடும்?

பதில் 1:
அந்த 40 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. பழைய இணைப்பு முறையான யூஎஸ்பி 2.0 வினாடிக்குத் தரும் 480 மெகாபிட்டில் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) நடைமுறையில் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். கைபேசி சார்ஜருடன் வந்த கேபிளைத் தாங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரு முனைகளும் டைப்-சி வடிவில் இருந்தாலும், அத்தகைய கேபிள்கள் பலவற்றில் அதிவேகத் தரவுக்கு வேண்டிய கம்பிகள் உள்ளே இருப்பதே இல்லை. ஒரே வடிவத்துக்குள் இத்தனை வேகங்களை அடைத்தது பயனருக்குச் செய்த உதவி என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் 2:
கேபிளை மாற்றினாலும் 20 ஜிகாபிட் கிடைப்பது அரிது. அது யூஎஸ்பி 3.2 ஜென் 2எக்ஸ்2 முறைக்கு உரிய வேகம். தண்டர்போல்ட் 4 போர்ட்டுகள் பெரும்பாலும் அதை ஏற்காததால், இணைப்பு 10 ஜிகாபிட்டுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் வேண்டுமெனில் யூஎஸ்பி4 அல்லது தண்டர்போல்ட் வகை எஸ்எஸ்டியே வாங்க வேண்டும், விலைதான் கடிக்கும்.

கேட்டவர்:
சார்ஜர் கேபிள்தான்! எஸ்எஸ்டியுடன் வந்த குட்டைக் கேபிளை மாட்டியதும் 950 மெகாபைட் வருகிறது. இருவருக்கும் நன்றி.