முடிச்சூர் வீடு: ஜாக்கி வைத்து உயர்த்துவதா, விற்றுவிட்டுப் போவதா?

வேப்பமரத்து வீடு:
சென்னைப் புறநகர் முடிச்சூரில் என் கணவர் 1998இல் கட்டிய வீடு. 900 சதுர அடி, தரைத்தளம் மட்டும். அன்று தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போட்டுப் போட்டு, இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது தண்ணீர் ஜன்னல் விளிம்பைத் தொட்டது. 2023இல் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் அளவு. அன்றிரவு 81 வயது மாமியாரை நாற்காலியோடு தூக்கிப் பக்கத்து வீட்டு மாடியில் சேர்த்தார்கள். அப்படி ஓர் இரவை மறுபடி என்னால் தாங்க முடியாது.

சுவருக்கடியில் ஜாக்கிகள் வைத்து வீட்டை அப்படியே நான்கு அடி உயர்த்த ஒருவர் ஒன்பது லட்சம் கேட்கிறார். தரையும் கழிவுநீர்க் குழாய்களும் தனிச் செலவு. மகன் விற்றுவிடச் சொல்கிறான். மாமியார் கொல்லை வேப்பமரத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார். எனக்கும் மனம் வரவில்லை. உயர்த்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மடிப்பாக்கத்துக்காரன்:
நாங்கள் 2018இல் உயர்த்தினோம், அம்மா. தரை முழுவதையும் உடைத்துத்தான் ஜாக்கி வைத்தார்கள். ஒரு டைல்ஸ்கூட மிஞ்சவில்லை. மிக்ஜாமின்போது வீட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை, அது உண்மை. ஆனால் தெரு உயரவில்லையே! நான்கு நாள் மின்சாரம் இல்லை. தெருவில் இடுப்பளவு நீர். தரைமட்டத்திலேயே விட்டிருந்த சம்ப்புக்குள் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) சாக்கடை புகுந்துவிட்டது. உயர்த்தினால் சம்ப்பின் வாயையும் சேர்த்து உயர்த்துங்கள்.

கம்பியும் காங்கிரீட்டும்:
முன்பணம் கொடுக்கும் முன் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் வீட்டைக் காட்டுங்கள். இரண்டு முறை வெள்ளத்தில் நின்ற வீடு. சமையலறை, குளியலறைக் கூரையில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், உயர்த்தப் போகும் பணம் வீண். தூண்கள் இல்லாமல் செங்கல் சுவரே கூரையைத் தாங்குகிறது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். எல்லா ஜாக்கிகளும் ஒரே சீராக ஏறாவிட்டால் சுவர் விரிசல் விடும். அந்த விரிசலுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்காமல் வேலையைத் தொடங்கவிடாதீர்கள்.

விற்றுவிட்டு வந்தவள்:
விற்றால் இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கிவிடுங்கள், சகோதரி. புது வீட்டில் போடும் அளவுக்கு விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு உண்டு. அந்தப் புது வீட்டின் பத்திரப்பதிவுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதைக் கணக்கில் சேர்க்காமல் நான் திணறினேன்.

வேப்பமரத்து வீடு:
அனைவருக்கும் நன்றி. நான் எழுதாமல் விட்ட ஒன்று: மாமியாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். இதுவரை தண்ணீர் உள்ளே வருவதைப் பற்றியே யோசித்தேன். மடிப்பாக்கத்தாரின் நான்கு நாளைப் படித்தபோதுதான், அவரை வெளியே கொண்டுபோக முடியாமல் போவது உறைத்தது. நேற்றிரவு அவரிடமே அதைப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மழைக்காலத்துக்கு மட்டும் வருகிறேன்" என்றார். வீட்டை இப்போதைக்கு விற்கவில்லை, உயர்த்தவும் இல்லை. அக்டோபர் முதல் மருத்துவமனைத் தெருவிலேயே முதல் மாடியில் வாடகைக்கு ஓர் இடம் பேசியிருக்கிறேன். லிஃப்ட் இருக்கிறது.