சிஸ்டர் மேடலீவா உல்ஃப்: லூசி என்பவர் யார், கவிதைகளில் எதை முதலில் படிப்பது?

வாசிப்புமேசை:
வாசகர் வட்டத்தில் அமெரிக்கக் கத்தோலிக்கத் துறவி சிஸ்டர் மேடலீவா (1887–1964) பற்றி நான் 20 நிமிடம் பேச வேண்டும். கவிஞர் என்று நினைத்துத் தேடினால் எங்கும் ‘சிஸ்டர் லூசி’ வந்து நிற்கிறார். யார் அவர், மாணவியா? கவிதைக்கு எந்தத் தொகுப்பு?

பழஞ்சுவடி:
லூசி என்று ஒருவர் இல்லை. 1949-இல் அமெரிக்கக் கத்தோலிக்கக் கல்விச் சங்கக் கூட்டத்தில் மேடலீவா பேசியபோது, ஆசிரியப் பணிக்கு வரும் இளம் சகோதரி (பெண் துறவி) ஒருவருக்கு வைத்த கற்பனைப் பெயர் அது.

அன்று நவகன்னியர் பயிற்சி (துறவறத்துக்கான தொடக்கப் பயிற்சி) முடிந்த கையோடு பெண்களை வகுப்பறைக்கு அனுப்பிவிடுவார்கள். பட்டப்படிப்பு கோடை விடுமுறையிலும் சனிக்கிழமைகளிலும்தான். ஒரு கோடைக்கு 6 கிரெடிட் (பாட அலகு) என்று கணக்கு வையுங்கள். பட்டத்துக்கு 120 வேண்டும். 20 கோடை! ‘இருபதாண்டுத் திட்டம்’ என்று கேலியாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பட்டமும் பயிற்சிச் சான்றும் முடித்த பிறகே லூசி பாடம் நடத்தட்டும் என்பது மேடலீவாவின் வாதம். ஆசிரியச் சகோதரிகளின் தயாரிப்பு மற்ற ஆசிரியர்களுக்குக் குறையக் கூடாது என்று 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸும் சொன்னார். 1954-இல் அமெரிக்காவில் சகோதரிகளின் பயிற்சிக்கென்றே ஒரு மாநாட்டமைப்பு பிறந்தது.

வாசிப்புமேசை:
இவ்வளவு வெளிப்படையான குறையை மடத்துத் தலைவிகள் ஏன் முன்பே சரிசெய்யவில்லை?

பழஞ்சுவடி:
பணம். பள்ளியை நடத்திய பங்கு (ஊர்க்கோயில் நிர்வாகம்) சகோதரிக்குக் கொடுத்தது சிறு படித்தொகை. அவரைக் கல்லூரியில் உட்கார வைத்தால், அந்த இடத்துக்குச் சம்பளம் கொடுத்து வெளி ஆசிரியரை எடுக்க வேண்டும். போருக்குப் பிந்தைய பிள்ளைப்பெருக்கத்தில் பள்ளிகள் நிரம்பி வழிந்தன; பங்குத்தந்தையர் இன்னும் சகோதரிகளை அனுப்புங்கள் என்றே கேட்டார்கள். தலைவிகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றையும் பேச்சில் சேர்க்கலாம். பெண்கள் இறையியலில் மேற்படிப்புப் படிக்க அமெரிக்காவில் எந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் இடம் தரவில்லை. அதனால் 1943-இல் மேடலீவா, தான் தலைவராக இருந்த செயின்ட் மேரிஸ் கல்லூரியிலேயே அதற்கொரு பள்ளியைத் திறந்துவிட்டார்.

ஓலைநறுக்கு:
கல்விப் பணியில் கவிஞரைத் தொலைத்துவிட வேண்டாம். விஸ்கான்சினில் கம்பர்லாந்து என்ற சிற்றூரில், குதிரைச் சேணம் செய்பவரின் மகள். 1908-இல் திருச்சிலுவைச் சபையில் சேர்ந்தார். முதல் தொகுப்பு 1923-இல். சால்ட் லேக் நகரில் ஒரு கல்லூரியைத் தொடக்கத்திலிருந்து நடத்திவிட்டு, 1934 முதல் 1961 வரை இண்டியானாவின் செயின்ட் மேரிஸ் கல்லூரித் தலைவர். கவிதைகள் பெரும்பாலும் சிறியவை: சானெட்டுகள் (பதினான்கு வரிப் பாக்கள்), நாலைந்து வரித் தன்னுணர்ச்சிப் பாக்கள். இறைவனைக் காதலனாக வைத்துப் பேசுபவை பல. ஆண்டாளைப் படித்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

படிக்கும் வரிசை என் கணக்கில்: முதலில் இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரைப் பற்றி மேடலீவா எழுதிய கட்டுரை (1925), பிறகு கவிதைகள். சாசர் படைத்த மடத்துத் தலைவி திருப்புகழ்மாலையை (துறவியர் அன்றாடம் ஓதும் வழிபாடு) மூக்கால் பாடுகிறாள் என்ற வரியை எல்லோரும் கிண்டலாகவே படித்தார்கள். நாள்தோறும் பலமுறை குழுவாக ஓதுகிறவர்கள் தொண்டை கட்டாமலிருக்கக் கையாளும் தொனி அது என்கிறார் மேடலீவா. அந்தத் தலைவி பின்பற்றிய பெனடிக்ட் துறவற சபையின் விதிநூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவர். மடத்தில் வாழாத அறிஞருக்கு இந்தக் காது வாய்க்காது.

பழஞ்சுவடி:
கவிதைத் தொகுப்பு வாங்குவதானால் 1947-இல் வந்த பழைய திரட்டு வேண்டாம். 1959-இல் வந்த ‘நான்கு இறுதி நிலைகள்’ தொகுப்பைப் பாருங்கள். தன்வரலாறும் அதே ஆண்டில்தான் வந்தது.

ஓலைநறுக்கு:
ஒரு எச்சரிக்கை. ‘ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் பெற்றார்’ என்று சொல்லிவிடாதீர்கள். முனைவர் பட்டம் பெர்க்லியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), 1925-இல். 1933–34 விடுப்பில்தான் ஆக்ஸ்ஃபோர்டு போய் எழுத்தாளரும் இலக்கிய அறிஞருமான சி.எஸ். லூயிஸின் விரிவுரைகளைக் கேட்டார். பிறகு அவரோடு கடிதத் தொடர்பும் இருந்தது.