மனத்தை விட்டுப் போகாத ஆர்க்கிட்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

செந்தூல் மாடிவீடு:
போன வாரம் விடியற்காலையில் எங்கள் சாலை முழுக்க வாசனை. எதிரே நிற்கும் பழைய மழைமரத்தில் கிளைக்குக் கிளை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்த புறா ஆர்க்கிட்தான். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தினேன். அண்ணாந்து பார்த்தவர், "லயத்துக்குப் பின்னால் இருந்த மரத்திலும் இப்படித்தான், எல்லாம் ஒரே நாளில்" என்றார். மறுநாள் பார்த்தால் அத்தனையும் துவண்டு கிடந்தன. எனக்கு ஆறவே இல்லை. அதே செடி என் பால்கனியிலும் இருக்கிறது, நன்றாக முற்றிய செடி. அன்றைக்கு அதில் ஒரு மொட்டுகூட இல்லை. ஏன்?

ஆயர் ஈத்தாம் பெரியவர்:
தங்கையே, தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு நின்றுவிட்டேன்.

காரணம் மழை. இந்தச் செடி மொட்டைச் சிறிதாக உருவாக்கி அப்படியே உறங்க வைத்துவிடும். திடீரென்று கொட்டும் மழையில் வெப்பம் ஐந்து டிகிரி அளவுக்குச் சரிந்தால் மொட்டு விழித்துக்கொள்ளும். அதிலிருந்து ஏறத்தாழ 9ஆம் நாள் பூ. அந்த மழை குளிர்வித்த வட்டாரம் முழுவதும் ஒரே காலையில் பூப்பது இதனால்தான். கூரைக்கு அடியில், வெயிலில் காய்ந்த சுவரை ஒட்டி இருக்கும் தொட்டிக்கு அந்தக் குளிர் எட்டாமல் போகலாம். மழை நேராக விழும் இடத்தில் தொங்கவிடுங்கள். காலை வெயில் நன்றாகப் படட்டும். தண்டையும் பாருங்கள்: அடி பருத்திருக்கும், நடுவில் இலை, நுனி மட்டும் மெலிந்து இலையே இல்லாமல் நிற்கும். பூ வருவது அந்த இலையற்ற நுனியில்தான். காய்ந்துவிட்டது என்று எண்ணிப் பலர் அதை நறுக்கிவிடுகிறார்கள். நறுக்காதீர்கள். மண் வேண்டவே வேண்டாம். கரித்துண்டும் உடைத்த செங்கல்லும் போதும். தொட்டியை விட்டுவிட்டு ஒரு மரக்கட்டையில் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. தழைச்சத்து மிகுந்த உரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள், இலைதான் வரும்.

சேராஸ் அடுக்குமாடி:
ஐயா சொல்வது புறாவுக்குச் சரி. ஆனால் குளிர் என்று படித்ததும் எல்லாச் செடிக்கும் பனிக்கட்டி வைக்கக் கிளம்பிவிடுவார்கள். சீனப் புத்தாண்டின்போது வாங்கிய ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட்டுக்கு என் மாமியார் அப்படித்தான் வைத்துவந்தார். விற்றவர் சொன்ன யோசனை. ஒருநாள் தூசி துடைக்க இலையைப் பிடித்தார், இலை கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. அந்தச் செடிக்குத் தேவை பல வாரங்கள் நீடிக்கும் மிதமான குளிர். 28 டிகிரிக்கு மேல் வெப்பம் தொடர்ந்தால் அது பூந்தண்டு விடாது. பகலில் 32, 33 தொடும் கோலாலம்பூரில் என்ன செய்ய முடியும்? நம் தீபகற்பத்தின் தாழ்நிலக் காட்டுச் செடியான ஃபலனாப்சிஸ் வயலேசியாவை வாங்குங்கள். அகன்ற பளபளப்பான இலை, நல்ல மணம், இந்தச் சூட்டிலேயே பூக்கும். பூ உதிர்ந்ததும் பச்சைத் தண்டை வெட்டிவிடாதீர்கள், அதிலேயே அடுத்தடுத்துப் பூ வரும்.

ஆயர் ஈத்தாம் பெரியவர்:
பனிக்கட்டி என்று நான் எங்கே அம்மா எழுதினேன்? மழை என்றுதான் எழுதினேன்.

பழைய கிள்ளான் சாலை:
எங்களுடையது புலி ஆர்க்கிட். அப்பா நட்டது. கரும்பு போலத் தண்டு தண்டாகப் பெருத்துக்கொண்டே போனது, அவர் இருந்தவரை பூக்கவில்லை. அவர் காலமான பிறகு ஆளுயரத்துக்கு ஒரு பூந்தண்டு எழுந்தது. மஞ்சளில் பழுப்புத் திட்டுகள். ஆனால் முதலில் விரிந்த அடிப்பூக்களில் உதடே இல்லை, மற்ற இதழ்களிலிருந்து வேறுபட்டுத் தெரியும் அந்த ஓர் இதழ். பார்க்க வந்த செடி வியாபாரி ஒருவர், "இது நோய், பரவும்முன் வெட்டிவிடலாம்" என்று கத்தரியை எடுத்துவிட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் தண்டுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். மேலே விரிந்த பூக்கள் அத்தனையிலும் உதடு இருந்தது. இந்த இனத்தில் அடிப்பூக்கள் அப்படித்தான் வரும். வைத்திருப்பவர்கள் பொறுமையாக இருங்கள். முழு வெயில் கொடுங்கள். மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் வேர்களைத் தொடாதீர்கள், உதிரும் சருகைப் பிடித்து வைப்பவை அவைதான். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 1861இல் நட்ட செடி இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

பினாங்கு மலைநடை:
என்னுடையது பூத்த கதை அல்ல. பினாங்கு மலையிலிருந்து இறங்கும்போது எதிரே ஒருவர் வந்தார். கையிலிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஈர மண்ணோடு வேர்கள் தொங்கின. கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்த இலை. வெள்ளை மேலிதழில் ஊதாக் கோடுகள். பூவின் நடுவில் செருப்பு நுனி போன்ற அடர் ஊதா நிறப் பை இதழ். பக்கவாட்டு இதழ் விளிம்பில் கறுப்பு மருக்கள். செருப்பு ஆர்க்கிட், பஃபியோபெடிலம் பார்பாட்டம். ஓர் இலைக்கொத்து ஒருமுறைதான் பூக்கும், அடுத்த பூவுக்குப் பக்கக் கன்று முற்ற வேண்டும். அவ்வளவு மெதுவாக வளர்வது. காட்டில் பிடுங்கிய இந்தப் பேரினத்தை நாடுவிட்டு நாடு விற்கப் பன்னாட்டு ஒப்பந்தமே தடை விதித்திருக்கிறது.

வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் விதையிலிருந்து வளர்த்த கன்றா என்று கேட்டு வாங்குங்கள். நிழலும் ஈரப்பதமும் வேண்டும். பெருக்கும் ஆசையில் குத்தைப் பிரிக்காதீர்கள். வேரில் காட்டுமண்ணும் இலைமக்கும் ஒட்டியிருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

செந்தூல் மாடிவீடு:
அந்த ஆளை யாரும் தடுக்கவில்லையா அண்ணா?

பினாங்கு மலைநடை:
தடுத்தோம். "காட்டில் சும்மா கிடப்பதுதானே" என்றார். என்னோடு வந்த நண்பர் திரும்பத் திரும்ப, "அது கீழே பிழைக்காது ஐயா" என்று சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நடந்துவிட்டார்.