கடலூர்க் கோட்டையை வாங்கிய யேல் துரை பியூரிட்டனா?

கெடிலக்கரையான் (தேவனாம்பட்டினம்):
எங்கள் ஊரின் செயின்ட் டேவிட் கோட்டையை 1690-இல் மராட்டியரிடமிருந்து கம்பெனி வாங்கியபோது மதராஸ் கவர்னர் எலிஹு யேல். பிறந்தது 1649-இல், அமெரிக்காவின் பாஸ்டனில். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659-இல் சட்டம் போட்ட பியூரிட்டன்களின் (இங்கிலாந்துத் திருச்சபையில் மிஞ்சியிருந்த கத்தோலிக்கச் சடங்குகளை நீக்கக் கோரிய கண்டிப்பான புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) நகரம் அது. அவர்கள் தொடங்கிய கல்லூரிக்கும் (இன்றைய யேல் பல்கலைக்கழகம்) இவர் பெயர்தான். இவரும் அந்தக் கூட்டம்தானா?

வெள்ளைநகரவாசி (புதுச்சேரி):
பாஸ்டன்காரர், கல்லூரிக்குக் கொடை வேறு. இதில் என்ன சந்தேகம்?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
அவசரப்படாதீர்கள் தம்பி. ஊரை வைத்து ஆளை முடிவு செய்யும் பழக்கத்தை நாற்பது வயதுக்குள்ளாவது விட்டுவிட வேண்டும்.

பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அன்று திருச்சபை உறுப்பினருக்கு மட்டுமே வாக்குரிமை. உறுப்பினராக வேண்டுமானால், இறையருள் தன்னைத் தொட்ட அனுபவத்தைச் சபையார் ஏற்கும்படி சொல்ல வேண்டும். இது அநியாயம் என்று 1646-இல் ஏழு பேர் மனுக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் டேவிட் யேல், எலிஹுவின் தகப்பனார். கிடைத்த பதில் அபராதம். சில ஆண்டுகளில் குடும்பமே இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. எலிஹு அப்போது சிறு குழந்தை.

இன்னொன்று. பியூரிட்டன்கள் திருமணத்தை மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் நடத்துவார்கள், போதகருக்கு அதில் வேலையில்லை. யேலின் திருமணமோ 1680-இல் ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி ஆலயத்தில் ஆங்கிலிக்கன் முறைப்படி, அதாவது இங்கிலாந்தின் அரசுத் திருச்சபை முறைப்படி, நடந்தது. அந்த ஆலயத்தின் முதல் திருமணமே அதுதான்.

கெடிலக்கரையான்:
அப்படியானால் கல்லூரிக்கு ஏன் கொடுத்தார் ஐயா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
கேட்டார்கள், கொடுத்தார். ஹார்வர்டு கல்லூரி சமயக் கண்டிப்பில் தளர்ந்துவிட்டது என்று குறைபட்ட போதகர்கள் 1701-இல் கனெக்டிகட்டில் தொடங்கிய கல்லூரி அது. கட்டடத்துக்குப் பணமில்லை. பாஸ்டன் போதகர் காட்டன் மாதர் 1718-இல் யேலுக்குக் கடிதம் எழுதினார்: கல்லூரிக்கு உங்கள் பெயர் வைத்தால் அது எகிப்தியப் பிரமிடைவிட மேலான நினைவுச்சின்னம் என்று. நம் ஊர்க் கோபுரத் திருப்பணி நன்கொடைக்காரர்கள்கூட இவ்வளவு நயமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

யேல் அனுப்பியவை ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. சரக்கைப் பாஸ்டனில் விற்று 562 பவுண்டு எடுத்தார்கள். அவர் செல்வம் சேர்த்தது மதராஸில்; முறைகேட்டுப் புகார்களில் 1692-இல் பதவி போனதும் இங்கேதான். போதகர்கள் அதைக் கிளறியதாகத் தெரியவில்லை.

வெள்ளைநகரவாசி:
எனக்கு வயது முப்பத்தெட்டு ஐயா, இன்னும் இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.